புரிந்தவர்கள் கையைத் தூக்கவும்

“புரிந்தது என்று சொல்பவர்களுக்கு ஊசி. புரியவில்லை என்று சொல்பவர்கள் வீட்டுக்குப் போகலாம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது என்று சந்தனராஜ் நினைத்தான். அறிவுப் பாதுகாப்பு இயக்ககத்தில் அவனுக்குப் பதினாறு வருட சர்வீஸ். எதிரே, தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கணித ஆய்வு மையத்தின் கருத்தரங்கக் கூடத்தில், ஒன்பது பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மணி காலை பத்து. ஆளுக்குப் பத்து நிமிடம். ஒன்பது பேரும் புரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

கணக்கு அவனுக்கு எப்போதுமே சரியாக வந்ததில்லை. பிளஸ் டூவில் இருநூறுக்கு எழுபது. எழுபது எடுத்தால்தான் பாஸ்.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை மூன்று மணிக்கு, இதே கூடத்தில், இதே ஒன்பது பேர் முன்னால், டாக்டர் செண்பகவல்லி என்கிற முப்பத்தோரு வயது ஆராய்ச்சியாளர் ஐம்பது நிமிடம் பேசினார். பேச்சின் அறிவிப்பு பன்னிரண்டு நாட்களாக நோட்டீஸ் போர்டில் தொங்கியது. தொண்ணூறு பேருக்கு மெயிலிலும் போனது. அறிவிப்பின் கடைசி வரி: ‘இதன் விளைவாக, எவ்வளவு பெரிய எண்ணையும் சில நிமிடங்களில் அதன் பகாக் காரணிகளாகப் பிரித்துவிடலாம்.’

தொண்ணூறு பேரில் ஒருவரும் அந்த வரிவரை படிக்கவில்லை. நாட்டில் ஒட்டப்படும் எல்லா அறிவிப்புகளையும் படிப்பதற்கென்றே இயக்ககத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. அதற்கும் வேலைப்பளு. முறை வந்து படித்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது. படித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை சந்தனராஜ் ரயில் ஏறினான், பெட்டியில் ஊசிகளோடு.

கூடத்துக்கு வருவதற்கு முன்பே அவன் செண்பகவல்லியைப் பார்த்திருந்தான். அவர் அறையில் கரும்பலகை இருந்தது, புத்தகங்கள் இருந்தன, மடியில் ஒரு குழந்தையும் இருந்தது. அவன் வந்ததும் வராததுமாக அது அவனுடைய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது.

“ரெண்டு பெரிய எண்ணைப் பெருக்கறது சுலபம் சார்,” என்றார் செண்பகவல்லி. “பெருக்கி வந்ததைக் கையில குடுத்து, எந்த ரெண்டைப் பெருக்கினேன்னு கேட்டா, உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் சொல்ல முடியாது. அந்தச் சிரமத்தை நம்பித்தான் பேங்க், ராணுவம், ரயில்வே, உங்க போன், எல்லாத்துக்கும் பூட்டு போட்டிருக்கு.”

“குவாண்டம் கம்ப்யூட்டர் வந்து திறந்துரும்னு சொன்னாங்களே.”

“நான் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து வந்துட்டே இருக்கு.”

“நீங்க அதுக்கு முன்னாடி வந்துட்டீங்க.”

“ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வளைஞ்ச பரப்பு உண்டு. அது மேல சரியான ஒரு புள்ளியில இருந்து நடக்க ஆரம்பிச்சா, அந்த ரெண்டு எண்ணும் தானா வந்து நிக்கும். அவ்வளவுதான் என் பேச்சு.”

“செஞ்சு பாத்தீங்களா?”

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல் செண்பகவல்லி அவனைப் பார்த்தார். “வழி இருக்குன்னு நிரூபிச்சிருக்கேன் சார். நடந்து பாக்கறது எங்க வேலை இல்ல.”

இனி நடந்து பார்க்கவும் முடியாது. வியாழக்கிழமை முதல் மையத்தின் கணினிகளுக்கெல்லாம் சீல். இந்த வழியை எந்த இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாலும், பார்ப்பது இயக்ககமே ஆனாலும், ஜாமீன் இல்லாத குற்றம்.

“பாப்பா பேரு?”

“லெம்மா. பெரிய தேற்றத்துக்கு முன்னாடி வர்ற சின்னத் துணைக்கு எங்க ஊர்ல லெம்மானு பேரு.”

“எந்த ஊர்?”

“கணக்கு ஊர்.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கு எவ்வளவு நாள் ஞாபகம் போகும்?”

“இதை எப்ப ஆரம்பிச்சீங்க?”

“பிரசவ லீவுல. எட்டு மாசம் ஆச்சு.”

“அப்ப எட்டு மாசம்.”

“இவளுக்கு ஆறு மாசம் சார்.”

சந்தனராஜ் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசிக்கு எதை அழிப்பது எதை விடுவது என்று பார்க்கத் தெரியாது. எட்டு மாதம் என்றால் எட்டு மாதம். சூத்திரமும் போகும், பிரசவமும் போகும், குழந்தை முதல்முதலில் சிரித்ததும் போகும்.

“எந்திரிச்சதும் இது யார் குழந்தைனு கேப்பேன், இல்லையா?”

“போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கும் மேடம். காமிச்சுக் காமிச்சுப் பழக்கப்படுத்திருவாங்க.”

இந்த வாக்கியத்தை இதுவரை பதினொரு பேரிடம் சொல்லியிருக்கிறான். அவர்களில் ஓசூர் வேதியியல்காரர் ஒருவர், ஊசிக்குப் பிறகு, நான்கு மாதம் முன்பு இறந்துபோன அப்பா வருவார் என்று தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டார். தினமும் அவருக்கு யாராவது புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தனராஜ் இரண்டு முறை போய்ப் பார்த்தான். பிறகு போகவில்லை.

“சட்டத்துல அஞ்சு பேர்னு ஒண்ணு இருக்கே,” என்றார் செண்பகவல்லி.

இருந்தது. சொன்னவரைத் தவிர ஐந்து பேருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அது பொது அறிவு. பொது அறிவுக்கு ஊசி கிடையாது. முன்பு ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு ஒரே நாளில் ஊசி போட, நாற்பது பேரும் புதிதாகக் குடிபோன குடியிருப்புக்கு வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அதற்கப்புறம் வந்த திருத்தம். பொது அறிவாகிவிட்டால், ஊசிக்குப் பதிலாகப் பூட்டை மாற்ற வேண்டும்.

“எத்தனை பேருக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கறீங்க?”

“புதன்கிழமை செமினார் சார் அது. முதல் பத்து நிமிஷம் எல்லாருக்கும். அடுத்த இருபது நிமிஷம் ரெண்டு பேருக்கு. கடைசி இருபது நிமிஷம் பேசறவங்களுக்கு மட்டும்.” குழந்தையின் வாயிலிருந்து நாடாவை மெல்ல விடுவித்தார். “ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்காது.”

சந்தனராஜும் அப்படித்தான் நினைத்தான். ஊசி என்றால் யார்தான் புரிந்தது என்று சொல்வார்கள்?

நூலகத்தை ஒட்டிய சிறிய அறையில் முதலில் வந்தவர் மையத்தின் தலைவர், பேராசிரியர் சுந்தரவரதன்.

“பேச்சு உங்களுக்குப் புரிஞ்சுதா சார்?”

“என்ன கேள்வி இது.”

“ஆம்னு போட்டா ஊசி சார். கேட்டவங்களுக்கு ரெண்டு வார ஞாபகம் போயிரும்.”

சுந்தரவரதன் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். “கடந்த ரெண்டு வாரத்துல ஞாபகம் வெச்சுக்கற மாதிரி இங்க ஒண்ணும் நடக்கல. ஆம்னே போடுங்க.”

“கொஞ்சம் விளக்க முடியுமா?”

“விளக்க என்ன இருக்கு? தெரிஞ்ச விஷயங்களை ஒழுங்கா அடுக்கியிருக்கா. சாதாரணமானதுதான்.”

“மத்தவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?”

தலைவர் மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “நமக்குள்ள இருக்கட்டும். ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்காது.”

இரண்டாவது, இருதயராஜ். “இதை நான் இருபது வருஷம் முன்னாடியே யோசிச்சது. எழுத நேரம் கிடைக்கல. ஆம்.” எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார். “தலைவர் என்ன சொன்னார்? புரிஞ்சுதுன்னா? அவரா?” சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாவது, அனந்தலட்சுமி. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்ட ஒரே ஆள். ‘இதை உயர் பரிமாணங்களுக்கு விரிவுபடுத்த முடியுமா?’ என்று கேட்டிருந்தார். இவருக்கு நிஜமாகவே புரிந்திருக்கிறது என்று சந்தனராஜ் முதலில் நினைத்தான். பிறகு செமினார் பதிவேட்டைப் புரட்டினான். கடந்த ஒரு வருடத்தில் முப்பத்தோரு பேச்சு. முப்பத்தோரு பேச்சிலும் அதே கேள்வி, அதே கையெழுத்து.

“இதை எந்தப் பேச்சுக்கும் கேக்கலாம் போலிருக்கே மேடம்.”

“நல்ல கேள்வின்னா அப்படித்தான் இருக்கணும்,” என்றார் அனந்தலட்சுமி. “ஆம்னு எழுதிக்குங்க.”

நான்காவது, குற்றாலிங்கம். வீடியோ பதிவில் அவர் ஐம்பது நிமிடமும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து வைத்திருந்தார்.

“தூங்கிட்டு இருந்தீங்களே சார்.”

“கண்ணை மூடினாத்தான் எனக்கு வடிவியல் தெரியும்.”

“குறட்டை விட்டிருக்கீங்க.”

“அது ரொம்ப நல்ல பகுதி.”

ஒரு மணிக்கு எட்டு பேர் முடிந்திருந்தார்கள். எட்டும் ஆம்.

சந்தனராஜுக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து பேர் சட்டம் தெரிந்து, அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களா? சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் ஒரு தூணுக்குப் பின்னால் தட்டோடு உட்கார்ந்து காது கொடுத்தான். செண்பகவல்லியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. முதலில் யாருக்குப் புரிந்தது என்பதில் தலைவருக்கும் இருதயராஜுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. குற்றாலிங்கம் நடுவராக இருந்தார். இவர்களிடம் கருணை கிடையாது, கூட்டுச் சதி செய்யுமளவுக்கு ஒற்றுமையும் கிடையாது என்று சந்தனராஜுக்கு உறுதியாயிற்று. புரியவில்லை என்று சொல்வதைவிட ஊசி மேல் என்று எட்டு பேரும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறார்கள்.

ஒன்பதாவதாக வந்தவர் ரஹ்மத் நிஷா. நாற்பத்தெட்டு வயது. விரல்களில் சாக்பீஸ் தூள். கொஞ்சம் மெதுவான ஆள் என்று எட்டு பேரில் ஐந்து பேர் கேட்காமலே சொல்லியிருந்தார்கள்.

“எனக்குப் புரியலைங்க,” என்றார்.

சந்தனராஜ் பேனாவைக் கீழே வைத்தான். காலையிலிருந்து காத்திருந்த வார்த்தை.

“எங்கேருந்து புரியல மேடம்?”

“பதினாலாவது ஸ்லைடு. ‘இங்கே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்’னு போட்டிருந்தாங்க. எங்கேருந்து எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எல்லாரும் போயிட்டாங்க. நான் அங்கேயேதான் நிக்கிறேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“கையைத் தூக்கினேன். சமோசா வந்திருச்சு.”

நல்ல மனுஷி, பாவம் என்று நினைத்துக்கொண்டு, படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டான்.

மூன்று மணிக்கு மேலதிகாரி பரமேஸ்வரி போனில் வந்தார். “சந்தனம், நாலு பேருக்குள்ள முடிச்சீங்களா?”

“எட்டு மேடம்.”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. “எட்டா? ஊர் பூராவும் பூட்டு மாத்தணும்யா. என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“பொய் சொல்றாங்க. நிபுணரை வெச்சு சரிபார்.”

இயக்ககத்துக்கென்று தலைநகரில் ஒரு நிபுணர் உண்டு. உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சின் வீடியோவையும் எட்டு வாக்குமூலங்களையும் அனுப்பினான். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“எட்டு பேருக்கும் நல்லாவே புரிஞ்சிருக்கு. குறிப்பா அந்தத் தலைவர். சாதாரணமானதுன்னு சொன்னார் பாருங்க, அது புரிஞ்சவங்க மட்டும் சொல்ற வார்த்தை.”

“உங்களுக்குப் புரிஞ்சுதா சார்?”

“என்ன கேள்வி இது,” என்றார் நிபுணர்.

சந்தனராஜ் போனை வைத்துவிட்டு விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தான். பக்கம் நாற்பத்தொன்று: ஐயம் இருப்பின் விசாரணை அதிகாரி எழுத்துத் தேர்வு நடத்தலாம். எட்டு பேரையும் எட்டு மூலையில் உட்காரவைத்து, எட்டு தாள் கொடுத்து, விளக்கி எழுதுங்கள் என்று சொன்னால் போதும். அரை மணியில் எட்டும் பூஜ்யமாகிவிடும். வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்திருப்பவன் முகம் எப்படி இருக்கும் என்று இருநூறுக்கு எழுபது வாங்கியவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் செண்பகவல்லி நடந்துகொண்டிருந்தார். தோளில் லெம்மா. அவர் ஒவ்வொரு தூணாகத் தொட்டு அதன் பெயரைக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தூணுக்கு ஏது பெயர்? எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்போல் அவருக்கு இருந்திருக்கலாம்.

‘நடத்தலாம்’ என்றுதானே போட்டிருக்கிறது என்று சந்தனராஜ் தனக்குள் சொல்லிக்கொண்டான். ‘நடத்த வேண்டும்’ என்று போடவில்லையே. புத்தகத்தை மூடிவிட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதினான்: பொது அறிவு. ஊசி தேவையில்லை.

அதற்கப்புறம் நாடு ஒன்பது மாதம் பூட்டு மாற்றியது.

வங்கி வாசல்களில் பந்தல் போட்டார்கள். எல்லாரும் புதிய ரகசிய எண்ணுக்காகக் கைரேகை வைக்க வரிசையில் நின்றார்கள். மூன்று நாள் ரயில் டிக்கெட்டுகளைக் கையால் எழுதினார்கள், அழகான கையெழுத்து உள்ள டிக்கெட் கிளார்க்குகளுக்குக் கல்யாண வரன்கள் வந்தன. ஒரு மாநிலத்தில் பழைய பூட்டுக்கும் புதிய பூட்டுக்கும் நடுவில் எல்லாருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண்களும் ஒரு வாரம் பொதுவில் கிடந்தன. அந்த வாரத்தில் நின்றுபோன கல்யாணங்கள் தனி. கடைசியில் எல்லாம் முடிந்தது. உரிய நேரத்தில் நாட்டைக் காத்ததற்காகப் பரமேஸ்வரி மேடத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் அவர் சந்தனராஜின் பெயரையும் ஒருமுறை சொன்னார்.

வழக்கை மூட ஒன்பது பேரின் கையெழுத்து வேண்டும். சந்தனராஜ் மறுபடி ரயில் ஏறினான். மையத்துக்குள் நுழைந்தபோது புதன்கிழமை, மணி மூன்றடிக்க ஐந்து நிமிடம். நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு: ‘ஒரு பழைய பேச்சுக்குச் சிறு திருத்தம். பேசுபவர்கள்: செண்பகவல்லி, ரஹ்மத் நிஷா.’ பயமுறுத்தும் சொல் ஒன்றும் அதில் இல்லை. இயந்திரம் தூங்கியிருக்கும்.

கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் கூடத்துக்குள் இருந்தார்கள். அவனும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும். அடுத்த இருபது நிமிடத்தில் குற்றாலிங்கம் வடிவியலைப் பார்க்க ஆரம்பித்தார், தலைவர் மடிக்குள் போனைப் பார்த்தார். அப்போது திரையில் பதினான்காவது ஸ்லைடு வந்தது. சந்தனராஜ் நிமிர்ந்தான். அவனுக்கு அங்கே தெரிந்த ஒரே எண் அது.

“இங்கே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்னு அன்னைக்குச் சொன்னேன்,” என்றார் செண்பகவல்லி. “எங்கேருந்துன்னு மேடம் வந்து கேட்டாங்க.”

ரஹ்மத் நிஷா கரும்பலகைக்குப் போய், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அவசரமே இல்லாத குரலில் சொன்னார்: “அந்தப் புள்ளியை எடுக்கணும்னா, நாம தேடற ரெண்டு எண்ணும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். பெட்டியோட சாவி பெட்டிக்குள்ளயே இருக்கு. அதனால இந்த வழியில எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. இன்னைக்கும் முடியாது. அன்னைக்கும் முடியாது.”

வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சந்தனராஜுக்கு ஒரு கணக்கு முழுசாகப் புரிந்திருந்தது. பந்தல்கள், வரிசைகள், கையால் எழுதிய டிக்கெட்டுகள், பதக்கம், எல்லாம் ஒரு பழைய பூட்டுக்காக. அந்தப் பூட்டை யாரும் திறக்கவே இல்லை.

பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். இப்போது ஒரு கூச்சல் கிளம்ப வேண்டும், எட்டு பேரும் எழுந்து நிற்க வேண்டும். தலைவர் மெல்லத் தலையாட்டினார். இருதயராஜும் தலையாட்டினார். அனந்தலட்சுமி கையைத் தூக்கினார்.

“இதை உயர் பரிமாணங்களுக்கு விரிவுபடுத்த முடியுமா?”

“முயற்சி பண்றோம் மேடம்,” என்றார் செண்பகவல்லி. கைதட்டல். சமோசா வந்தது.

தாழ்வாரத்தில் அவன் செண்பகவல்லியைப் பிடித்துவிட்டான். பக்கத்தில் லெம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது நான்கு பல், மூன்று அடி நடை.

“எப்பலேருந்து தெரியும்?”

“நீங்க போன மறுவாரம். இவளுக்கு முதல் பல் வந்த வாரம். மேடம் பதினாலாவது ஸ்லைடோட வீட்டுக்கு வந்தாங்க.”

“பூட்டு மாத்த ஆரம்பிச்சே இருக்க மாட்டாங்களே அப்ப. ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சார்? எட்டு பேருக்குப் புரிஞ்சிருக்கு. உங்க நிபுணருக்குப் புரிஞ்சிருக்கு. தப்புன்னு நான் சொன்னா, ஊசிக்குப் பயந்து சொல்றேன்னு நினைப்பாங்க. மேடம் சொன்னா, மெதுவான ஆள், அவங்களுக்குப் புரியலன்னு உங்க படிவத்துலயே இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “மறுபடி முதல்லேருந்து விசாரிச்சா இவளை யார் நினைவு வெச்சுக்கறது? நான் சுயநலக்காரிதான் சார். ஆனா ஒளிக்கல. ஒன்பது மாசம் கழிச்சாவது எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். நோட்டீஸ் ஒட்டி, மைக் வெச்சு.”

பக்கம் நாற்பத்தொன்றில் இருந்த, தான் நடத்தாமல் விட்ட தேர்வு அவனுக்கு ஞாபகம் வந்தது. லெம்மா தூணை விட்டுவிட்டு, மூன்று அடி வைத்து, நான்காவதை வைக்கத் தெரியாமல் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பார்த்து நாடாவுக்குக் கையை நீட்டினாள். அவன் குனிந்து கொடுத்தான்.

“என்ன சார், நீங்களும் செமினாருக்கு வந்துட்டீங்க.” கையில் டீயோடு தலைவர் வந்தார். பின்னாலேயே மற்றவர்களும். “உட்கார்ந்து கேட்டீங்களே. ஏதாவது புரிஞ்சுதா?”

ஏழெட்டு முகங்கள் அவன் பக்கம் திரும்பின. கொஞ்சம் தள்ளி, ஜன்னலோரம், ரஹ்மத் நிஷா டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி அவனைப் பார்த்தார்.

சந்தனராஜ் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான்.

“இல்ல சார்,” என்றான். “ஒண்ணும் புரியல.”

தலைவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். “பரவாயில்ல. சாதாரணமான விஷயம்தான். கேட்டுக் கேட்டுத்தான் பழகும்.”

ஜன்னலோரத்தில் ரஹ்மத் நிஷா டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.